அவர் சொல்லாத வசனம்

அந்தப் பக்கத்தை என் தொலைபேசியில் பார்த்தபோது நான் குசினியில் நின்று பாணுக்குச் சம்பல் இடித்துக்கொண்டிருந்தேன். லிங்கநகரில் எங்கள் தெருக்காரருக்கு ஒரு வட்ஸ்அப் குழு உண்டு. எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கும், யாருடைய மரக்கறித் தோட்டத்தில் மான் புகுந்தது, எந்த வீட்டில் செத்தவீடு என்பவைதான் அதில் வரும். அன்றைக்குக் காலையில் ஒரு படம் வந்தது. அச்சடித்த தாள் ஒன்றை யாரோ படம்பிடித்துப் போட்டிருந்தார்கள். அடியில் சிவப்பு எழுத்தில், ‘இவருக்கா உங்கள் வாக்கு?’ என்று இருந்தது.

பெரிதாக்கிப் பார்த்தேன். மாகாண சபை உரைகளை அச்சிட்டு வைக்கும் அறிக்கையில் ஒரு பக்கம். நாங்கள் ஹன்சாட் என்போம். ஓர் உறுப்பினர் பேசிக்கொண்டிருக்கிறார். நடுவில் அடைப்புக்குறிக்குள், ‘தவிசாளரின் கட்டளைப்படி நீக்கப்பட்டது.’ அதற்குக் கீழே, ‘கூச்சல், குழப்பம்.’ அதற்கும் கீழே அதே உறுப்பினரின் பெயரில், ‘எனது வார்த்தைகளை மீளப் பெற்றுக்கொள்கிறேன். இச்சபையிடமும் மனம் நொந்த மக்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.’

உலக்கை கையிலேயே நின்றுவிட்டது. அந்த நீக்கப்பட்ட வசனம் எனக்குத் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. சொன்னது நான்.

என் வேலையைச் சொன்னால்தான் இது விளங்கும். அப்போது நான் சபையில் உரைபெயர்ப்பாளராக இருந்தேன். சபா மண்டபத்தின் பின்பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை. தமிழில் பேசுவதைக் கேட்கக் கேட்கச் சிங்களத்தில் சொல்லவேண்டும். சிங்களத்தில் பேசுவதைத் தமிழில் சொல்லவேண்டும். உறுப்பினர்கள் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு என் குரலைக் கேட்பார்கள். ஒரே நாளில் நான் ஆளுங்கட்சியாகவும் எதிர்க்கட்சியாகவும் கோபப்பட்டிருக்கிறேன், நன்றி சொல்லியிருக்கிறேன். எது என்னுடைய வார்த்தை என்று யாரும் கேட்டதில்லை.

அந்த உறுப்பினர் தமிழ்க் கட்சியொன்றின் சார்பில் வந்தவர், எதிர்க்கட்சி வரிசையில் இருந்தவர். அதற்கு முன் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்தவர். எந்தச் சாரதி எந்த ஊர், யாருடைய மனைவிக்கு எந்தக் கிளினிக், எந்த வீதியில் எத்தனை குழி என்றெல்லாம் அவருக்குத் தெரியும். மூன்று சமூகத்துச் சாரதிமாரோடும் முப்பது வருடம் மல்லுக்கட்டியவர் என்பதால் சிங்களம் எங்களைவிட நன்றாகக் கதைப்பார். ஆனால் சபையில் தமிழில்தான் பேசுவார். எழுந்ததும் முதலில் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார். நான் தலையாட்டிய பிறகுதான் தொடங்குவார். கடினமான சொல் இருந்தால் காலையிலேயே ஒரு துண்டில் எழுதிக் கொண்டுவந்து தருவார். வேறு எந்த உறுப்பினரும் அதைச் செய்ததில்லை.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எதிர்க்கட்சியிலிருந்து பிரேரணை வந்தால் தோற்றுப்போகும் என்று தெரிந்தால், அதைத் தானே எழுதி, ஆளுங்கட்சியில் கந்தளாய்ப் பக்கத்துச் சிங்கள உறுப்பினர் ஒருவரிடம் கொடுப்பார். அவர் தன் பெயரில் முன்மொழிவார். இவர் எழுந்து எதிர்க்கட்சியின் சார்பில் ஆதரிப்பார். சில வேளை கிண்ணியா உறுப்பினரின் பெயரிலும் போகும். ஈச்சிலம்பற்றிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு நேரே வரும் பஸ், கண்டி வீதியோரத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நேரத்துக்கு ஒரு பஸ், இரண்டு தாய்சேய் நிலையங்களுக்கு நிரந்தர மருத்துவமாது, எல்லாம் அப்படி வந்தவைதான். திறப்புவிழாக் கல்லில் ஒன்றிலாவது அவர் பெயர் இல்லை.

ஒருமுறை வாய்விட்டுக் கேட்டேன்.

“ஐயா, எல்லாம் மற்றவையின்ர பேரில போகுது. உங்களுக்கு மனவருத்தம் இல்லையோ?”

“பஸ்ஸில ஏறுற சனம் முன்னுக்குப் போட்டிருக்கிற ஊர்ப் பேரைத்தான் வாசிக்கும், பிள்ளை. ஆர் கையெழுத்து வைச்சது எண்டு பாக்காது” என்றார்.

அவருடைய கட்சிக்காரர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. அரசாங்கத்தோடு குலவுகிறார் என்று சொன்னார்கள். கந்தளாய்க்காரரின் பக்கத்திலும் அதே கதைதான், வேறு மொழியில். இரண்டையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

இனி அந்த நாளைச் சொல்லவேண்டும். இத்தனை வருடமாக என் கணவருக்குக்கூட முழுதாகச் சொல்லாத நாள்.

மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அந்தப் பக்கத்துச் சிங்கள மீனவர்கள் எங்கள் கரைக்கு வருவார்கள். கடற்கரையில் வாடி என்ற ஓலைக் குடிசை போட்டு ஐந்தாறு மாதம் தொழில் செய்துவிட்டுத் திரும்புவார்கள். இங்குள்ள மீனவர்களுக்கும் அவர்களுக்கும் இடத்துக்காகச் சண்டை வரும். வலை வெட்டப்படும், பொலிஸ் வரும், பிறகு அது இனச் சண்டையாகப் பத்திரிகையில் வரும். இரண்டு தரப்புக்கும் தனித்தனி இறங்குதுறையும், பொதுவில் ஓர் ஐஸ் அறையும் கட்டவேண்டும் என்று ஒரு பிரேரணை. வழக்கம்போலக் கந்தளாய்க்காரரின் பெயரில். இவர் ஆதரித்துப் பேச எழுந்தார். அன்றைக்குப் பார்வையாளர் கலரி நிறைந்திருந்தது. இரண்டு பக்கத்து மீனவர்களும் வந்திருந்தார்கள்.

கண்ணாடி அறையைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அவர் சொன்ன வசனம் இது: “வந்து போற ஆக்களுக்கும் ஒரு இடம் இருக்கவேணும்.”

நான் சிங்களத்தில் சொன்ன வசனம் இது: “வந்த ஆட்கள் இங்கிருந்து போகவேண்டும்.”

காதுக்கருவி இரைந்தது என்று பிறகு எனக்கே பல தடவை சொல்லிக்கொண்டேன். இரைந்தது உண்மைதான். ஆனால் காரணம் அதுவல்ல. ‘வந்து போற’ என்று காதில் விழுந்ததுமே மிச்சத்தை நான் முடித்துவிட்டேன். அந்த மாதத்தில் அந்த வரிசையிலிருந்து எத்தனையோ பேர் எழுந்து ‘வந்தவர்கள் போகவேண்டும்’ என்று பேசியிருந்தார்கள். ஒரு தமிழ் உறுப்பினர் மீனவர் பிரச்சினை பற்றிப் பேசினால் அடுத்தது இதுதான் என்று என் வாய்க்குப் பழகிவிட்டது. என்னைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தபின் பேசிய ஒரே மனிதரின் பேச்சை நான் கேட்காமலே மொழிபெயர்த்துவிட்டேன்.

முதலில் கலரியில் ஒரு சத்தம். பிறகு ஆளுங்கட்சி வரிசை முழுவதும் எழுந்தது. ஒருவர் கோப்பைத் தூக்கி எறிந்தார். கந்தளாய்க்காரரும் எழுந்து, கையை நீட்டி, மற்றவர்களைவிடப் பெரிதாகக் கத்தினார். அதையும் நான் மொழிபெயர்க்கவேண்டும். ‘இனவாதி! வெளியேறு!’ என்று இவருடைய காதுக்குள் என் குரலில் சொன்னேன்.

இவர் ஒரு நிமிடம் விளங்காமல் நின்றார். பிறகு மெல்லத் திரும்பி, கண்ணாடி அறையைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. எனக்கும் அப்போதுதான் விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டேன். ஒலிவாங்கி திறந்தே இருந்தது.

தவிசாளர் பத்து நிமிடம் சபையை ஒத்திவைத்தார். நான் எழுந்து போய் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். அந்த வேலைக்கு வந்து இரண்டாம் வருடம் அது. நிரந்தர நியமனம் வரவில்லை. கதிரையிலேயே இருந்தேன். சபை திரும்பக் கூடியபோது அவர் எழுந்து, முதன்முறையாகச் சிங்களத்தில், தன் வார்த்தைகளை மீளப்பெறுவதாகச் சொன்னார். மன்னிப்புக் கேட்டார். அவர் பேசியதைத் தமிழிலேயே கேட்ட சொந்தக் கட்சிக்காரருக்கு எதற்கு இந்த மன்னிப்பு என்று விளங்கவில்லை, அவருக்காக எழுந்து கேட்கவும் அவர்களுக்கு மனமில்லை. பின்னேரம் பிரேரணை நிறைவேறியது.

போகும்போது தாழ்வாரத்தில் என்னைத் தாண்டினார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

“தண்ணி குடியுங்கோ, பிள்ளை. முகம் வெளிறிப்போச்சு” என்றார். அவ்வளவுதான்.

என் வேலையைக் காப்பாற்றத்தான் அந்த மனிதர் அப்படிச் செய்தார் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையோடு பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்தேன். நிரந்தர நியமனம் கிடைத்தது. சபையும் கலைந்தது, அதற்குப் பிறகு மாகாண சபைத் தேர்தலே நடக்கவில்லை. என்னை ஒரு திணைக்களத்துக்கு மாற்றினார்கள். அவரைச் சந்தையிலோ கோயிலிலோ கண்டால் கைகூப்புவேன். அவர் சுகம் கேட்பார். அந்த நாளைப் பற்றி இரண்டு பேரும் கதைத்ததில்லை.

இப்போது பிரதேச சபைத் தேர்தலுக்கு அவருடைய பெயர் அடிபட்டது. எழுபது தாண்டிவிட்டார், ஆனாலும் கப்பல்துறைப் பக்கத்துச் சனம் அவரைத்தான் கேட்டது. யாருக்கோ அந்த இடம் வேண்டியிருந்திருக்கவேண்டும். பழைய அறிக்கையைத் தேடி, அவர் பெயர் பெரிதாக வரும் ஒரே பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மதியத்துக்குள் அதே பக்கம் நாலு குழுக்களில் வந்தது. ‘எங்களுக்காக ஒன்று சொல்லிவிட்டுப் பிறகு காலில் விழுந்தவர்’ என்று ஒன்றில். அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் சிங்களப் பிள்ளை தன் தொலைபேசியைக் காட்டினாள். அங்கேயும் அதே பக்கம். ‘எங்களை விரட்டச் சொன்னவர் திரும்ப வருகிறார்’ என்று சிங்களத்தில். நீக்கப்பட்ட அந்த வெற்று வரியில் யாருக்கு எது வேண்டுமோ அதை எழுதிக்கொண்டார்கள்.

அரை நாள் லீவு போட்டுக்கொண்டு கப்பல்துறைக்கு பஸ் ஏறினேன்.

அவர் முற்றத்தில் குந்தியிருந்து கோழிக்கூட்டுக்குக் கம்பிவலை அடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டார். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். நான் அவரைக் கோயிலில் கண்டு சிரித்திருக்கிறேன், கதைத்ததில்லை. மெலிந்த, உயரமான அம்மா. தேத்தண்ணியைத் தந்துவிட்டு உள்ளே போகாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பிள்ளை, நீங்கள் சபையில வேலை செய்தனீங்கள்தானே?”

“ஓம், அக்கா.”

“அண்டைக்கு இவர் என்ன சொன்னவர்? அந்த அழிச்ச வசனம் என்ன? நான் இத்தனை வருசமாக் கேக்கிறன். வாயைத் திறக்கிறார் இல்லை.”

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். அவருடைய மனைவிக்கே தெரியாது என்பதை நான் கனவிலும் நினைக்கவில்லை. ஐயாவைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

“அவர் ஒண்டும் பிழையாச் சொல்லேல்ல, அக்கா. வந்து போற ஆக்களுக்கும் இடம் இருக்கவேணும் எண்டுதான் சொன்னவர். நான்தான் மாத்திச் சொன்னனான். சிங்களத்தில வந்த ஆக்கள் போகவேணும் எண்டு வந்திட்டுது. அது என்ர பிழை.”

அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, விளங்கவில்லையா என்று தெரியவில்லை. நான் அவசரமாகத் தொடர்ந்தேன்.

“என்ர வேலை போகக்கூடாதெண்டு ஐயா பழியைத் தன்ர தலையில போட்டவர். நான் இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்ல. அதுக்குத்தான் வந்தனான். நான் எழுதித் தாறன், எங்க வேணுமெண்டாலும் வந்து சொல்லுறன்.”

“உங்களுக்காகச் செய்யேல்ல, பிள்ளை” என்றார் ஐயா.

சுத்தியலைக் கீழே வைத்தார். சொல்ல விரும்பாத மனிதர் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் இனி மறைக்க ஏலாது என்பதும் தெரிந்திருக்கவேண்டும்.

“அந்தப் பத்து நிமிசத்தில கந்தளாய் மாத்தயா தாழ்வாரத்துக்கு வந்தவர். அவருக்குத் தமிழ் நல்லா விளங்கும். ஒரு காதிலதான் கருவியைப் போட்டிருந்தவர். ‘நீ சொன்னது எனக்குக் கேட்டது, நீ அப்பிடிச் சொல்லேல்ல’ எண்டார். ‘ஆனா கலரியில இருக்கிற என்ர சனத்துக்கு மற்றதுதான் கேட்டிருக்கு. மொழிபெயர்ப்புப் பிழை எண்டு நீ சொன்னா விசாரணை வைப்பினம், பிரேரணை அடுத்த வருசத்துக்குப் போயிடும். நீ வாபஸ் வாங்கு, நான் என்ர ஆக்களின்ர கையைத் தூக்க வைக்கிறன்’ எண்டார். நானும் ஓம் எண்டனான்.”

அன்றைக்கு எல்லாரையும்விடப் பெரிதாகக் கத்தியவர் அவர். ‘இனவாதி’ என்று அவர் கத்தியதை நான்தான் தமிழில் சொன்னேன். அவருக்கு உண்மை தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே கத்தியிருக்கிறார். என் பிழையை வைத்து இரண்டு பேரும் தாழ்வாரத்தில் ஒரு பேரம் பேசியிருக்கிறார்கள். நான் கண்ணாடி அறைக்குள் செத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இவ்வளவு காலம் என் நெஞ்சில் வைத்துக் கும்பிட்டது எனக்காக நடந்ததே இல்லை.

“எனக்கு ஏன் சொல்லேல்ல?” என்று மனைவி கேட்டார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

“உமக்குச் சொன்னா உம்மட ஆக்களுக்குச் சொல்லுவீர். அது வெளிய வந்தா கந்தளாய்க்காரர் என்னோட பேரம் பேசினவர் எண்டு அவற்ற கட்சிக்குத் தெரியும். பிறகு அவரால ஒண்டும் செய்ய ஏலாது. அதுக்குப் பிறகும் நாங்கள் ரெண்டுபேரும் சேந்து ஆறேழு வேலை செய்தனாங்கள்.”

“என்ர அண்ணனும் அந்த ஆறேழுக்குள்ள ஒண்டோ?”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். கணவரிடம் சொல்லவேண்டியதை என்னிடம் சொன்னார். அவருடைய அண்ணன் ஈச்சிலம்பற்றில் வயல் செய்தவர். மன்னிப்புக் கேட்ட செய்தி பத்திரிகையில் வந்த அன்றோடு இந்த வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ‘சொன்னதை விழுங்கினவன்ர வீட்டில நான் கைநனைக்கமாட்டன்’ என்றாராம். மூன்று வருடம் கழித்துச் செத்துப்போனார்.

“செத்தவீட்டுக்குப் போனனான், பிள்ளை. இவருக்கு அண்டைக்கு வயித்துக்குள்ள சுகமில்லை, நான் தனியத்தான் போனனான். படலைக்குள்ள விடேல்ல. அண்ணன் அப்பிடித்தான் சொல்லிப்போட்டுச் செத்தவராம். றோட்டில நிண்டு அழுதுபோட்டு அடுத்த பஸ்ஸில வந்தனான்.”

ஐயா கம்பிவலையின் மேல் கையை ஊன்றி எழும்பினார். கை வெட்டுப்பட்டது, அதைக் கவனிக்கவில்லை. இத்தனை வருடம் சபையில் அவரைப் பார்த்திருக்கிறேன். கோப்பு எறியப்பட்டபோதும் அந்த முகம் மாறவில்லை. இப்போது அது உடைந்துபோனதைப் பார்த்தேன்.

“படலையிலயோ? நீர் எனக்குச் சொல்லேல்லையே.”

“நீங்கள் எனக்குச் சொன்னனீங்களோ?”

கோழியொன்று பாதி அடித்த வலைக்கூடாக வெளியே வந்து முற்றத்தைக் கொத்திக்கொண்டு போனது. வீதியில் ஒரு லொறி போனது. அவருடைய விரலிலிருந்து இரத்தம் சொட்டுவதைக் கண்டு அந்த அம்மாதான் உள்ளே போய்த் துணி எடுத்துவந்தார். கட்டிவிட்டார். கட்டும்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

நான் எழும்பும்போது, “நான் உண்மையை எழுதப்போறன், ஐயா. அவரைப் பற்றி எழுதமாட்டன். என்ர பிழையை மட்டும் எழுதுறன்” என்றேன். அவர் சம்மதிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் தொலைபேசியை வாங்கி அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“பென்சனுக்கு ரெண்டு வருசம் கிடக்கு. தேர்தல் நேரம். அரசாங்க உத்தியோகத்தர் இப்பிடி எழுதலாமோ?”

“எழுதலாமோ தெரியாது. எழுதாமல் இருக்க ஏலாது.”

“அப்ப எழுதும்” என்றார். பிறகு, “எனக்கும் சொல்லேல்லைத்தானே, நீர்” என்றார். அது கோபம் இல்லை. ஆனால் அது எங்கே போய்க் குத்தியது என்று எனக்குத்தான் தெரியும். கப்பல்துறை முற்றத்தில் பார்த்தது எங்கள் வீட்டிலும் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

அந்தப் படம் வந்த அதே குழுவில் எழுதினேன். என் பெயரைப் போட்டேன். அவர் தமிழில் சொன்ன வசனம், நான் சிங்களத்தில் சொன்ன வசனம், இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். சிங்களத்திலும் எழுதி அலுவலகப் பிள்ளையிடம் கொடுத்தேன். சபைச் செயலகத்துக்கும் ஒரு கடிதம் போட்டேன்.

திட்டுவார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். நடந்தது வேறு. பலபேர் நம்பவேயில்லை. அவர் என்னைக்கொண்டு எழுதுவிக்கிறார் என்றார்கள். ஒருவர் கேட்டார், ‘இவ்வளவு நாளும் எங்கே இருந்தீர்கள்?’ ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு அடுத்த நாள் மின்சாரம் தடைப்படும் நேரங்களை யாரோ போட்டார்கள். எல்லாரும் அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கட்சியின் உள்ளூர் அமைப்பாளர் தொலைபேசியில் அழைத்து, “நல்ல காரியம் செய்தனீங்கள். ஆனா பட்டியலை நேற்றுக் குடுத்தாச்சு. அவர் தானாவே விலகிட்டார்” என்றார். செயலகத்திலிருந்து ஒரு மாதத்துக்குப் பிறகு மரியாதையான ஒரு பதில் வந்தது. கலைக்கப்பட்ட சபையின் அறிக்கையைத் திருத்த அதிகாரம் இல்லை. அந்தக் காலத்து ஒலிப்பதிவுகளும் இப்போது இல்லை. அந்தப் பக்கம் அச்சில் இருந்தபடியே இருக்கும்.

கந்தளாய்க்காரர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவரும் அரசியலை விட்டு வீட்டில்தான் இருக்கிறார். ஐயாவிடம் கேட்டேன்.

“கூப்பிட்டவர். பேரன் பிறந்திருக்காம். கால் வருத்தமாம்.”

“இதைப் பற்றி?”

“இல்லை.”

வருத்தமில்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பெரியாஸ்பத்திரிக்கு பஸ் வருகிறது. இறங்குதுறையில் இரண்டு பக்கத்துப் படகுகளும் நிற்கின்றன. ஐஸ் அறை வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் கேலி பேசிக்கொண்டு நிற்கிறார்கள். ஐயாவுக்கும் கந்தளாய்க்காரருக்கும் இடையில் இருந்தது நட்பா, வெறும் வேலையா என்று எனக்கு இன்னும் தெரியாது. அவருக்கும் தெரியுமோ என்னவோ.

இரண்டு கிழமைக்குப் பிறகு அந்த அம்மா என்னை அழைத்தார்.

“பிள்ளை, நான் ஈச்சிலம்பற்றுக்குப் போகப்போறன், மச்சாளிட்ட. நீங்களும் வரவேணும். நான் சொன்னா நம்பமாட்டா. பிழை விட்ட ஆள் வந்து சொல்லவேணும்.”

ஐயாவும் வருவதாகச் சொன்னாராம். “நீங்கள் வரவேண்டாம், இது எங்கட அலுவல்” என்று அந்த அம்மா மறித்துவிட்டார்.

சனிக்கிழமை காலை போனோம். கிண்ணியாப் பாலம், மூதூர் எல்லாம் தாண்டி நெடும் பயணம். வழியெல்லாம் அவர் தன் அண்ணனைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். சின்ன வயதில் வெருகல் ஆற்றில் தன்னை முதுகில் ஏற்றி நீந்தியது, தன் கலியாணத்துக்கு மாட்டு வண்டில் நிறைய நெல் கொண்டுவந்தது. அழவில்லை. படலைக்குக் கிட்டப் போனதும்தான் என் கையைப் பிடித்தார். பிடி இறுகியிருந்தது.

அண்ணனின் மனைவி முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் நின்றார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. படலைக்கு வெளியே நின்றபடியே நான் சொன்னேன். இரண்டு வசனங்களையும் சொன்னேன். பிழை என்னுடையது என்று சொன்னேன். சொல்லி முடியும்வரை அவர் நெல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீங்கள் படிச்ச ஆள்” என்றார் கடைசியில். “ஒரு கடிதம் எழுத எவ்வளவு நேரம் எடுக்கும்?”

“கனநேரம் எடுக்காது” என்றேன்.

“அவர் சாகக்குள்ள தங்கச்சியின்ர பேரைத்தான் சொன்னவர். கூப்பிடட்டோ எண்டு கேட்டனான். வேண்டாம் எண்டு தலையாட்டிப்போட்டுத் திரும்பவும் பேரைச் சொன்னவர். நான் என்ன செய்யிறது? அவர் வேண்டாமெண்டதைத்தான் கேட்டனான்.”

அந்த அம்மாவின் கை என் கையிலிருந்து நழுவியது. படலையைத் தானே திறந்துகொண்டு உள்ளே போனார். யாரும் மறிக்கவில்லை. நெல்லின் மேலாக நடந்து போய் மச்சாளின் தோளில் முகத்தை வைத்தார். அவர் கட்டிக்கொள்ளவில்லை, விலகவுமில்லை. கையில் இருந்த விளக்குமாறு அப்படியே இருந்தது. பிறகு அதைக் கீழே போட்டார். இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

நான் வேலியோரத்து வேம்பின் கீழ் நின்றேன். பிறகு வீட்டுக்குள் கதைக்கிற சத்தம் கேட்டது. யார் என்ன சொல்கிறார்கள் என்று விளங்கவில்லை. காதைக் கொடுத்துக் கேட்கவும் நான் விரும்பவில்லை. காகங்கள் நெல்லுக்கு வந்தன. அவற்றைக் கலைத்துக்கொண்டு நின்றேன்.